திறக்காத மூடிக்கு ஒரு மஞ்சள் கோடு

ஒரு ஸ்க்ரூவின் தலை மழுங்கிப்போக அரை நொடி போதும். கையில் ஒரு வழுக்கல், காதில் ஒரு கிறீச், அவ்வளவுதான். அதற்கு முன்னால் அது ஸ்க்ரூ, அதற்குப் பின்னால் அது தீராத தலைவலி. இதை லிஃப்ட்காரருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பத்தொன்பது வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிற மனிதர், எத்தனையோ ஆயிரம் ஸ்க்ரூக்களைக் கழற்றி மாட்டியவர். தெரியாமல் செய்திருந்தால் மன்னித்துவிடலாம். தெரிந்தே செய்தார், அதுதான் வயிற்றெரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், வண்டிகள் நிறுத்தும் இடத்தில் மச்சினி தன் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவருடைய மனைவியின் தங்கை. ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. காலையில் வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாக இருப்பவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் இவர்களிடமெல்லாம் ரத்தம் எடுத்து, பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். வண்டி இல்லாவிட்டால் அவளுக்கு வேலையே இல்லை. நான்கு வருடமாக அக்கா வீட்டில்தான், ஐந்தாவது மாடியில், இவர்களோடு இருக்கிறாள்.

"அத்தான், முன் பிரேக் பிடிக்கவே மாட்டேங்குது. லீவரை அழுத்தினா பஞ்சு மாதிரி உள்ள போகுது. நாளைக்கு ரேடியோகிட்ட விட்டுட்டு பஸ்ல போயிடலாம்னு பார்க்கிறேன்."

ரேடியோ என்பது மெக்கானிக். நாள் முழுக்க சேர்த்தாலும் நாலு வார்த்தை பேசாத மனிதருக்கு யாரோ ஒரு புண்ணியவான் வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது.

மச்சினி சொல்லத்தான் சொன்னாள், கேட்கவில்லை. வாயைக் கொடுத்தது லிஃப்ட்காரர்தான்.

"பிரேக் ஆயில் குறைஞ்சிருக்கும். மூடியைத் திறந்து ஊத்தினா முடிஞ்சுது வேலை. இதுக்குப் போய் ஒரு மெக்கானிக்கா? வீட்ல நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்?"

உடனே கடைக்குப் போய் ஒரு சின்னப் புட்டி பிரேக் ஆயிலும் வாங்கி வந்துவிட்டார். ஹேண்டில்பாரில், வலது கைப்பிடிக்குப் பக்கத்தில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு டப்பா. அதில்தான் பிரேக் ஆயில் நிற்கும். மூடியை இரண்டு ஸ்க்ரூக்கள் பிடித்துக்கொண்டிருக்கும். மழையும் வெயிலும் பட்டு அந்த ஸ்க்ரூக்களைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பார்த்தவுடனேயே அவருக்குத் தெரிந்தது: இதற்குச் சரியான அளவு ஸ்க்ரூடிரைவர் வேண்டும், முதலில் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊற வைக்க வேண்டும். சரியான அளவு ஸ்க்ரூடிரைவர் ஐந்தாவது மாடியில், வேலைப் பையில் இருந்தது. கையில் இருந்தது ஒரு அளவு சின்னது. மேலே போய் வர லிஃப்டில் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்கு அவருக்கு உடம்பு வணங்கவில்லை.

முதல் ஸ்க்ரூ திரும்பியது. "பார்த்தியா?" என்று மச்சினியைப் பார்த்துச் சிரித்தார். அவள் வாளியையும் துணியையும் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். இரண்டாவது ஸ்க்ரூவில் வைத்து அழுத்தினார். கிறீச். இன்னும் பலமாக அழுத்தினார். மறுபடியும் கிறீச். நுனியில் வெள்ளியாக ஒரு சுருள் ஒட்டிக்கொண்டு வந்தது. ஸ்க்ரூவின் தலையில் கூட்டல் குறி மாதிரி வெட்டு இருந்த இடத்தில் இப்போது ஒரு வட்டக் குழி. அதில் எதை வைத்தாலும் சும்மா சுற்றும்.

அந்த நிமிடத்தில் "அடடா, கெடுத்துட்டேம்மா, ரேடியோகிட்டயே கொண்டு போயிடு" என்று சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். கொஞ்சம் கேலி செய்திருப்பாள். சாப்பிடும்போது அக்காளும் தங்கையுமாகச் சேர்ந்து இன்னும் கொஞ்சம் கேலி செய்திருப்பார்கள். அவ்வளவுதான். ஆனால் "வீட்ல நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்" என்று பேசிய வாய் அப்போதுதான் மூடியிருந்தது, அதற்குள் எப்படித் திறக்கும்?

சட்டைப்பையைத் துழாவினார். குழாய் அடைக்கிற கறுப்புப் பசை ஒரு துண்டு இருந்தது. உருட்டிக் குழியில் அடைத்து, கட்டைவிரலால் தேய்த்து, மூடியோடு மூடியாக்கினார். கழற்றிய முதல் ஸ்க்ரூவைப் பழையபடி முடுக்கினார். திறக்காத ஆயில் புட்டியைக் கால்சட்டைப் பையில் திணித்தார். அப்புறம்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். சட்டைப்பையில் இருந்த மஞ்சள் பேனாவை எடுத்தார்.

அந்தப் பேனாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லிஃப்ட் வேலையில் ஒரு போல்ட்டைத் திறந்து பார்த்து, திரும்ப முடுக்கினால், அதன் தலையிலிருந்து அடித்தகடு வரைக்கும் ஒரு மஞ்சள் கோடு போடுவார்கள். போல்ட் கொஞ்சம் தளர்ந்து திரும்பினாலும் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கோட்டுக்கு ஒரே ஒரு அர்த்தம்: ஒரு மனிதன் இதைத் தன் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறான். கையால் தொடாத போல்ட்டுக்கு லிஃப்ட்காரர் இதுவரை கோடு போட்டதில்லை. கூட வேலை செய்கிறவர்கள் அவசரத்தில் வரிசையாகக் கோடு இழுத்துக்கொண்டே போனால், சண்டைக்கே போய்விடுவார். அவரிடம் மார்தட்டிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான், அதில் பொய்யும் இல்லை.

மச்சினிக்கு அது நன்றாகத் தெரியும். சின்ன வயதில் ஒரு லிஃப்டுக்குள் அரை நாள் மாட்டிக்கொண்டவள் அவள். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு மாதம் ஐந்து மாடியும் படியில்தான் ஏறி இறங்கினாள். ஒருநாள் அவர்தான் அவளை மொட்டைமாடிக்கு மேலே இருக்கும் மோட்டார் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். டார்ச் அடித்து ஒவ்வொரு போல்ட்டாகக் காட்டினார். எல்லாவற்றிலும் மஞ்சள் கோடு. "இது எல்லாம் நான் திறந்து பார்த்தது. கோடு இருந்தா நான் பொறுப்பு" என்றார். அன்றைக்கு அவள் லிஃப்டில் இறங்கினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டுதான், ஆனாலும் இறங்கினாள்.

அந்தக் கோட்டைத்தான் இப்போது திறக்காத மூடியில், பசைக்கு மேலே, கை நடுங்காமல் இழுத்தார்.

குழாயடியிலிருந்து மச்சினி திரும்பி வருவதற்குள் லீவரைப் படபடவென்று பத்துப் பதினைந்து தடவை அழுத்தினார். அப்படிச் செய்தால் கெட்டுப்போன பிரேக்கும் கொஞ்ச நேரத்துக்கு விறைப்பாக நிற்கும் என்பதும் அவருக்குத் தெரியும். எல்லாம் தெரியும் அவருக்கு.

"இப்ப பிடிச்சுப் பாரு."

பிடித்துப் பார்த்தாள். கல் மாதிரி நின்றது. முகம் மலர்ந்துவிட்டது. "ஆயில் ரொம்பக் குறைஞ்சிருந்துதா?"

"பாதிக்கும் கீழ. ஊத்திட்டேன்."

மூடியில் இருந்த கோட்டைத் தடவிப் பார்த்தாள். "என் வண்டிக்கும் கோடு போட்டுட்டீங்களா? அப்ப கவலையே இல்ல" என்றாள்.

அந்த வார்த்தை அவரைக் குத்தியது. குத்தினால் என்ன, சிரித்துச் சமாளித்தார்.

திங்கட்கிழமையிலிருந்து மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆயில் புட்டி மனைவி கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று வேலைப் பைக்குள், ஸ்பானர்களுக்கு அடியில் போட்டு வைத்தார். ஒவ்வொரு தடவை ஸ்பானர் எடுக்கும்போதும் அது கைக்கு வந்தது. மத்தியானம் மச்சினிக்குப் போன் செய்து, "கொஞ்ச நாளைக்குப் பின் பிரேக்கையே பிடி. புது ஆயில் செட்டாக நாளாகும், அதுவரைக்கும் முன் லீவர் மெத்துன்னுதான் இருக்கும்" என்று ஒரு கதை விட்டார். அவளும் சரி அத்தான் என்றாள். ராத்திரி சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பார். வாய் வரைக்கும் வரும். "ஏங்க, என்ன யோசனை? சோறு ஆறுது" என்பாள் மனைவி. ஒன்றுமில்லை என்று சோற்றைப் பிசைவார். இப்படியே மூன்று நாள் போனது. இரண்டு நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டியது மூன்று நாளில் மலையாக வளர்ந்து நின்றது.

புதன்கிழமை பதினொரு மணிக்கு அவளே போன் செய்தாள்.

"அத்தான், விழுந்துட்டேன். பயப்படாதீங்க, முட்டிதான் சிராய்ச்சிருக்கு. திருப்பத்துல ஒரு தள்ளுவண்டி வந்துச்சு. பதட்டத்துல முன் பிரேக்கைப் பிடிச்சா லீவர் அப்படியே உள்ள போயிடுச்சு. ஓரக்கல்லுல மோதிட்டேன்."

அவர் ஒரு லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்திருந்தார்.

"பெட்டி போச்சு அத்தான். பதினாலு பேரோட ரத்தம், எல்லாம் உடைஞ்சு ரோட்ல கெடக்கு. அதுல ஒண்ணு நாலு மாசக் குழந்தை. நரம்பே கிடைக்காம மூணு தடவை குத்தி எடுத்தேன், அது அழுத அழுகையில அதோட அம்மாவும் அழுதாங்க. இப்ப மறுபடியும் அந்த வீட்டு வாசல்ல போய் நிக்கணும்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "நீங்க பார்த்துக் கொடுத்தும் இப்படின்னா, அந்த ரேடியோதான் போன தடவை ஏதோ தப்பா மாட்டி வச்சிருக்கான். இல்லையா அத்தான்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். யோசித்தார் என்பதைத்தான் பிற்பாடு அவரால் மறக்க முடியவில்லை. வாய் தவறி வந்ததல்ல.

"இருக்கும்" என்றார்.

"நான் வண்டியைத் தள்ளிக்கிட்டு அவன் கடைக்குத்தான் போறேன். நீங்களும் வாங்க. நீங்க கூட இருந்தா அவனால பூசி மெழுக முடியாது."

கடை என்றால் ஒரே ஒரு ஷட்டர். எண்ணெய் குடித்துக் கறுத்த தரை. ஆணியில் தொங்கும் பழைய டியூப்கள். வாசலில் இரண்டு பேர் தங்கள் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். லிஃப்ட்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மச்சினி ஏற்கெனவே ஆரம்பித்திருந்தாள். கால்சட்டை முட்டியில் கிழிந்து, ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. கத்தவில்லை. கத்தாமல் பேசியதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

"உங்களை நம்பித்தானே ரெண்டு வருஷமா வண்டியை விடறேன்? என்ன வேலை செஞ்சீங்க? இன்னைக்கு ஒரு லாரி வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? இனிமே யாருக்கும் இப்படிப் பண்ணாதீங்க."

காத்திருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒருவர் தன் வண்டியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். ரேடியோ குந்தியிருந்த இடத்திலிருந்து எழுந்து, கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயது மனிதர். முகத்தில் கோபம் இல்லை, என்ன தப்பு செய்தோம் என்று உண்மையாகவே யோசிக்கிற முகம். அதைப் பார்க்க முடியாமல் லிஃப்ட்காரர் தொங்குகிற டியூப்களைப் பார்த்தார்.

"கடைசியா யாரு தொறந்தது?" என்றார் ரேடியோ.

"எங்க அத்தான். இதோ, திறந்து பார்த்து ஆயில் ஊத்தி, கோடும் போட்டிருக்கார். எங்க கட்டட லிஃப்டே அவர் கோட்டை நம்பித்தான் ஓடுது."

ரேடியோ குனிந்தார். மஞ்சள் கோட்டைப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் லேசாகச் சுரண்டினார். கறுப்புப் பசை ஒரு பொருக்காகப் பெயர்ந்து வந்தது. அடியில் வட்டக் குழி, புத்தம்புதிதாகப் பளபளத்தது. நிமிர்ந்து லிஃப்ட்காரரைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. பிறகு உள்ளே போய்ச் சின்ன உளி ஒன்றும் சுத்தியலும் எண்ணெய்க் குப்பியும் எடுத்து வந்தார்.

"கொஞ்சம் பிடிச்சுக்குங்க, சார்."

லிஃப்ட்காரர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். ரேடியோ ஸ்க்ரூவைச் சுற்றி இரண்டு சொட்டு விட்டார். அதன் தலையில் மெதுவாக ஏழெட்டுத் தட்டு தட்டினார், இறுகிப்போனது விட்டுக்கொடுக்கட்டும் என்று. அப்புறம் உளியின் நுனியை ஸ்க்ரூத் தலையின் ஓரத்தில் சாய்த்து வைத்து, கழற்றுகிற பக்கமாக ஒரு தட்டு. இன்னொரு தட்டு. ஒவ்வொரு தட்டும் ஹேண்டில்பார் வழியாக லிஃப்ட்காரரின் உள்ளங்கையில் வந்து இறங்கியது. ஆறாவது தட்டில் ஸ்க்ரூ ஒரு நூல் அளவு அசைந்தது. விளிம்பில் மிச்சமிருந்த மஞ்சள் கோடு இரண்டாக உடைந்து, பாதி ஸ்க்ரூவோடு விலகிப் போனது. அதற்கு மேல் ரேடியோ விரலாலேயே திருகி எடுத்துவிட்டார். மொத்தமும் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

மூடி திறந்தது. மச்சினி எட்டிப் பார்த்தாள். உள்ளே ஆயிலே இல்லை. அடியில் மட்டும் பழைய டீத்தூள் நிறத்தில் கொஞ்சம் சேறு மாதிரி கிடந்தது.

"ஊத்தினேன்னு சொன்னீங்களே, அத்தான்."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. கணக்கு எங்கே தப்பியது என்று கேட்கிற குரல். லிஃப்ட்காரருக்குக் காது இரண்டும் எரிந்தன. அப்போது, அந்த நாலு வார்த்தை மனிதர் வாயைத் திறந்தார்.

"கசிஞ்சு போயிருக்கும்மா. வாஷர் பழசு. நான் போன தடவையே மாத்தியிருக்கணும்."

தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. திட்டு வாங்கியவரே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். "ஆமா, கசிஞ்சிருக்கும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம். லிஃப்ட்காரர் அந்த வார்த்தையை நாக்கு நுனி வரைக்கும் கொண்டும் வந்துவிட்டார், அதை மறைக்கக் கூடாது. ஆனால் ரேடியோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். செய்யாத தப்புக்குத் தலைகுனிந்து நிற்கிற ஒரு மனிதரின் நரைத்த உச்சந்தலைதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. இதற்கு மேல் இவர் முதுகில் ஏறிக்கொண்டு போனால் நான் என்ன மனுஷன் என்று தோன்றியது.

தோள்பையை இறக்கினார். ஸ்பானர்களுக்கு அடியில் கையை விட்டு அந்தப் புட்டியை எடுத்தார். சீல் உடையாமல் இருந்தது. ரேடியோவின் கையில் கொடுத்தார்.

"கசியல. நான் ஊத்தவே இல்ல. மூடியைத் திறக்கவே இல்ல. ஸ்க்ரூவைக் கெடுத்தது நான்தான். பசையை வச்சு மூடினதும் நான்தான்." மச்சினியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவளுடைய கிழிந்த முட்டியைப் பார்த்துச் சொன்னார். "இவர் மேல ஒரு தப்பும் இல்ல. காலையில போன்ல 'இருக்கும்'னு சொன்னதும் தெரிஞ்சுதான் சொன்னேன்."

காத்திருந்தவர்களில் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். அந்த மரியாதைகூட லிஃப்ட்காரருக்கு அறைந்தாற்போல் இருந்தது.

மச்சினி ரேடியோவின் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சிருங்கண்ணே. எல்லார் முன்னாடியும் பேசிட்டேன்."

ரேடியோ தலையை ஆட்டினார். குந்தி உட்கார்ந்து டப்பாவைத் துடைத்து, புட்டியின் சீலை உடைத்து ஊற்றி, கீழே சக்கரத்துப் பக்கம் குழாயைத் திறந்து காற்றை வெளியேற்றினார். குமிழ் குமிழாக வந்தது, அப்புறம் வெறும் ஆயில் வந்தது. புது வாஷர், புதிதாக இரண்டு ஸ்க்ரூ. மச்சினி லீவரைப் பிடித்துப் பார்த்தாள். விட்டுவிட்டு, ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் பிடித்துப் பார்த்தாள். மூன்றாவது தடவையும் பார்த்தாள்.

"உங்க கோடு போடணுமா, சார்?" என்றார் ரேடியோ.

குத்திக்காட்டுகிறாரா, வழக்கத்தை மதித்துக் கேட்கிறாரா என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சட்டைப்பையில் பேனா கனத்தது.

"வேண்டாம்" என்றார் லிஃப்ட்காரர்.

வீட்டுக்கு அவள்தான் வண்டியை ஓட்டினாள். அவர் பின்னால் உட்கார்ந்து வந்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது அவருக்கு. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டால், இவரும் நாலு வார்த்தை சொல்லிக் காலில் விழாத குறையாகக் கெஞ்சலாம். அவள் திருப்பங்களில் வண்டியை மெதுவாக்கி, பார்த்துப் பார்த்து ஓட்டினாள்.

கட்டடத்துக்குள் வந்து வண்டியை நிறுத்திவிட்டு, இருவரும் லிஃப்ட் வாசலுக்கு வந்தார்கள். அவள் நொண்டிக்கொண்டிருந்தாள். கதவு திறந்து இரண்டாவது மாடிக்காரர் வெளியே வந்தார். அவர்கள் ஏறட்டும் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மச்சினி ஒரு அடி எடுத்து வைத்தாள். நின்றாள். உள்ளே பார்த்தாள், மேலே பார்த்தாள், அப்புறம் கடையிலிருந்து கிளம்பியபின் முதல் தடவையாக அவருடைய கண்ணைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. பழைய பயம் இருந்தது.

"நீங்க லிஃப்ட்ல வாங்க அத்தான். நான் படியிலயே வரேன்."

"இந்த லிஃப்ட்ல எல்லாம்..." என்று ஆரம்பித்தார். எல்லா போல்ட்டையும் நானே திறந்து பார்த்தேன் என்று சொல்ல வந்தார். அது சத்தியமான உண்மை. ஒன்றுகூட விடவில்லை. ஆனால் எதைக் காட்டி நம்பச் சொல்வார்? காட்டுவதற்கு இருந்தது அதே மஞ்சள் கோடுதான்.

அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, அடிபட்ட காலை ஒவ்வொரு படியிலும் ஊன்றி, இழுத்து ஏறினாள். இரண்டாவது மாடிக்காரர் கதவை விட்டுவிட்டுப் போய்விட்டார். லிஃப்ட்காரர் பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே படியேறினார். மூன்றாவது மாடித் திருப்பத்தில் அவள் வலி தாங்காமல் நின்றபோது, அவரும் எட்டுப் படி கீழேயே நின்றுகொண்டார். கை கொடுக்கப் போனால் பிடித்துக்கொள்வாளா என்று தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரையோ ஏற்றிக்கொண்டு லிஃப்ட் அவர்களைத் தாண்டி மேலே போனது. காதைத் தீட்டிக் கேட்டார். ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.